குழாய்க்கு உள்ளேயா, வெளியேயா? வெப்பநிலை சென்சார் பொருத்தும் இரண்டு வழிகள்

பல மாடிக் கட்டடம் ஒன்றின் தண்ணீர்ப் பராமரிப்பு என் பொறுப்பில் இருக்கிறது. வெந்நீர், குளிர்நீர்க் குழாய்களுக்கு வெப்பநிலை சென்சார் வைப்பது என்று முடிவானதும் வந்த முதல் கேள்வி, குழாயைத் திறந்து சென்சாரை உள்ளே இறக்குவதா, குழாயின் மேல் பட்டை போட்டுக் கட்டுவதா என்பதுதான். நாங்கள் பெரும்பாலும் மேலே கட்டினோம். ஏற்கெனவே ஆட்கள் குடியிருக்கும் கட்டடம் என்றால் இன்னொருவருக்கும் அதையே சொல்வேன்.

எதற்கு இந்தக் கண்காணிப்பு என்பது பலருக்கும் தெரிந்ததுதான். லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா 20 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரையுள்ள தண்ணீரில் பெருகும். அதைக் குடிப்பதைவிட, ஷவரில் தெறிக்கும் நுண்துளிகளை மூச்சில் இழுப்பதுதான் ஆபத்து. அதனால் வெந்நீரைத் தொட்டியில் 60 டிகிரியில் வைக்க வேண்டும், குழாயைத் திறந்து ஒரு நிமிடத்துக்குள் 50ஐ எட்ட வேண்டும், குளிர்நீர் 20க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பரவலான நடைமுறை. மாதம் ஒருமுறை தெர்மாமீட்டரோடு போய் அளந்து எழுதி வைப்பதும் ஒரு வழிதான். ஆனால் அளந்த அந்த ஒரு நிமிடம் மட்டுமே நமக்குத் தெரியும்; இரவெல்லாம் தண்ணீர் என்ன ஆனது என்று தெரியாது.

சரி, உள்ளே இறக்கும் சென்சாருக்கு வருவோம். துல்லியத்தில் அதை மிஞ்ச முடியாது. தண்ணீரின் நடுவில் இருப்பதால் மாற்றத்தை உடனே காட்டும். ஆனால் ஓடும் கட்டடத்தில் அதைப் பொருத்த, லைனை மூடி, தண்ணீரை வடித்து, குழாயை வெட்டி, டீ (T வடிவ இணைப்பு) போட வேண்டும். அதன் பிறகு நன்றாக ஓடவிட்டுக் கழுவ வேண்டும், தேவைப்பட்டால் கிருமிநீக்கமும் செய்ய வேண்டும். தண்ணீரைப் பாதுகாக்கப் போய் குழாயையே திறக்கிறோம். டீயின் கழுத்து நீளமாக இருந்துவிட்டால், தண்ணீர் தேங்க நாமே ஓர் இடம் செய்து கொடுத்ததாகிவிடும்.

இருந்தாலும் என் முடிவைத் தீர்மானித்தது பொருத்தும் சிரமம் இல்லை, அதற்குப் பிந்தைய பராமரிப்பு. எந்த சென்சாரும் நாளாவட்டத்தில் கொஞ்சம் விலகும். ஆண்டுக்கு ஒருமுறையாவது சரிபார்க்காவிட்டால் திரையில் தெரியும் எண்ணுக்கு மதிப்பில்லை. மேலே கட்டிய சென்சாரைச் சரிபார்ப்பது எளிது: பட்டையைத் தளர்த்தி எடுத்து, பொடித்த ஐஸ் நிறைந்த தண்ணீரில் வைத்துக் கலக்கினால் 0 காட்ட வேண்டும். அப்புறம் நம்பகமான தெர்மாமீட்டரோடு சேர்த்து 60 டிகிரி வெந்நீரில் வைத்துப் பார்க்க வேண்டும். திரும்பக் கட்டிவிட்டால் வேலை முடிந்தது. யாருக்கும் தண்ணீர் நிற்காது. தண்ணீரில் நேரடியாக நனையும் சென்சார் என்றால் இதற்கே லைனை வடிக்க வேண்டும். மூடிய உலோக உறைக்குள் செருகும் வகையில் இந்தத் தொல்லை இல்லை, உறை குழாயிலேயே நிற்க, சென்சார் மட்டும் வெளியே வந்துவிடும். ஆனால் அந்த உறையை வேறு இடத்துக்கு மாற்ற முடியாது.

இடம் மாற்றுவது சின்ன விஷயம் இல்லை. எந்தக் கிளையில் தண்ணீர் தேங்குகிறது என்பது வரைபடத்தைப் பார்த்தால் தெரியாது, அளந்தால்தான் தெரியும். எங்கள் கட்டடத்தில் ஒரு குளிர்நீர்க் குழாய், வெந்நீர்க் குழாயோடு ஒரே ஷாஃப்டில் (மாடிகளுக்குக் குழாய்கள் ஏறும் செங்குத்துப் பாதை) ஒட்டி ஏறுகிறது. கீழ்த்தளத்தில் ஒழுங்காக இருந்த தண்ணீர் மேலே போகப் போகச் சூடேறியதை, சென்சாரை மாடி மாடியாக நகர்த்திக் கட்டித்தான் கண்டுபிடித்தோம். குழாயைத் துளைத்துச் செய்ய வேண்டியிருந்தால் இந்த வேலையை யாரும் தொடங்கியே இருக்க மாட்டார்கள்.

மேலே கட்டுவதில் குறை இருக்கிறது. அது அளப்பது குழாய்ச் சுவரை, தண்ணீரை அல்ல. குழாயைத் தேய்த்துச் சுத்தம் செய்து, வெப்பம் கடத்தும் பசை தடவி, இறுக்கிக் கட்டி, மேலே இன்சுலேஷனால் மூட வேண்டும். அப்படிச் செய்த இடங்களில் எங்கள் செப்புக் குழாயில் வித்தியாசம் ஒரு டிகிரிக்குள் நின்றது. மூடாமல் விட்டால் வெந்நீர்க் குழாய் உள்ளதைவிடக் குறைவாகவும், வெதுவெதுப்பான ஷாஃப்டில் உள்ள குளிர்நீர்க் குழாய் உள்ளதைவிடக் கூடுதலாகவும் காட்டும். கவனித்தால், கிருமியைப் பொறுத்தவரை இரண்டு பிழையும் எச்சரிக்கையின் பக்கமே சாய்கின்றன. வீண் அலாரம் வரலாம், பொய்யான நிம்மதி வராது. சுடுநீர்க் காயத்துக்கு மட்டும் இது பொருந்தாது. 60 டிகிரி தண்ணீர் சில விநாடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். வெந்நீரோடு குளிர்நீரைக் கலந்து சூட்டைத் தணிக்கும் கலப்பு வால்வுக்குப் பின்னால் வரும் தண்ணீரைக் குவளையில் பிடித்து அளப்பதைத் தவிர வேறெதையும் நான் நம்ப மாட்டேன்.

பிளாஸ்டிக் குழாயில் என் அனுபவம் குறைவு. செப்போடு ஒப்பிட்டால் பிளாஸ்டிக் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்குதான் வெப்பத்தைக் கடத்தும் என்பதால் ரீடிங் தாமதமாக ஏறும். இடையில் வரும் உலோக வால்வின் மேல் கட்டிப் பார்ப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

வாங்கும்போது இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். ஒன்று, வயர். உலோக ஷாஃப்டுக்குள் வயர்லெஸ் சிக்னல் எடுக்காது. அதனால் ரீடிங்கை அனுப்பும் டிரான்ஸ்மிட்டரை வெளியே வைத்து வயரை நீட்ட வேண்டிவரும். மின்தடையை வைத்து வெப்பநிலையை அளக்கும் பிடி 100 வகை சென்சாரில் இரட்டை வயரின் தடை ஒரு ஓம் கூடினாலே ரீடிங் இரண்டரை டிகிரி எகிறும். அதைவிடப் பத்து மடங்கு தடை உள்ள பிடி 1000 என்றால் கால் டிகிரிதான். இரண்டு, ரீடிங்கை அனுப்பும் முறை. குழாய் ஓடாத நேரத்தில் கிளைக் குழாய் அறை வெப்பத்துக்கு இறங்குவது இயல்பு. மணிக்கொரு சராசரி மட்டும் அனுப்பும் கருவியில், ஐந்து நிமிடக் குளியல் தடமே இல்லாமல் போய்விடும். அந்த மணிக்குள் தொட்ட உச்சத்தையும் அனுப்ப வேண்டும். அப்போதுதான் தண்ணீர் 50ஐத் தொட்டதா என்பதோடு, அந்தக் குழாயை யாராவது திறந்தார்களா என்பதும் தெரியும். நாள்கணக்கில் கோடு ஏறாமல் கிடந்தால் அந்த அறையில் தண்ணீர் தேங்குகிறது, போய்த் திறந்துவிட வேண்டும்.

புதிதாகக் கட்டும் கட்டடம் என்றால் ஹீட்டரின் வெளிவாயிலிலும், வெந்நீர் சுற்றித் திரும்பும் குழாயிலும் உள்ளே செருகும் உறையைக் குழாய் போடும்போதே வைத்துவிடச் சொல்வேன். அந்த இரண்டு இடங்களும் மாறப் போவதில்லை, அங்கே துல்லியம் தேவை. மாடிகளில் பிரியும் கிளைகளுக்கு அப்போதும் மேலே கட்டுவதுதான்.