கடலா, சாக்கடையா, ஓட்டைக் குழாயா: ஊருக்குக் கூடுதல் தண்ணீர் எங்கிருந்து?

ஒரு நகராட்சிக்குத் தண்ணீர் போதவில்லை. மன்றக் கூட்டத்தில் மூன்று திட்டங்கள் மேசைக்கு வருகின்றன. கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டுவது ஒன்று. கழிவுநீரை மறுபடி பயன்படுத்தும் தரத்துக்குச் சுத்திகரிப்பது இன்னொன்று. மூன்றாவது, ஏற்கெனவே மண்ணுக்குள் கிடக்கும் குழாய்களில் ஒழுகுவதை அடைப்பது. முதல் திட்டத்துக்கு வண்ணப்படம் உண்டு, மாதிரி உண்டு, திறப்பு விழாவும் உண்டு. மூன்றாவதற்கு அடிக்கல் நாட்டக்கூட இடம் கிடையாது. பல ஊர்களில் அது தோற்றுப்போவது இதனால்தான், கணக்கினால் அல்ல.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு பேச்சுக்கு, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நீரேற்றும் ஊர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 35 சதவீதம் வழியிலேயே ஒழுகிவிடுகிறது. வீடுகளுக்குப் போய்ச் சேர்வது ஆறரைக் கோடி. ஒழுகலை 20 சதவீதமாகக் குறைத்தால் எட்டுக் கோடி போய்ச் சேரும். ஒன்றரைக் கோடி லிட்டர் கூடுதல். புது ஆறும் வேண்டாம், புது அணையும் வேண்டாம். இதே ஒன்றரைக் கோடியைக் கடலிலிருந்து எடுத்து, அதே ஓட்டைக் குழாயில் விட்டு வீட்டுக்குச் சேர்க்க வேண்டுமானால் 2.3 கோடி லிட்டர் உற்பத்தி செய்தாக வேண்டும். கடல்நீரைக் குடிநீராக்க ஆயிரம் லிட்டருக்கு மூன்று முதல் நான்கு யூனிட் மின்சாரம் ஆகும். மூன்றரை என்று வைத்தால் தினமும் சுமார் 80,000 யூனிட். அதில் 28,000 யூனிட்டுக்கு மேல் மண்ணுக்குள் ஒழுகப்போகும் தண்ணீருக்கான செலவு.

ஒழுகல் என்றதும் சாலை நடுவே பீறிட்டு அடிக்கும் தண்ணீர்தான் நினைவுக்கு வரும். உண்மையில் அது பெரிய எதிரி இல்லை. அதைப் பார்த்த பத்துப் பேர் போன் செய்வார்கள், அன்றைக்கே ஆள் வரும். கண்ணில் படாத துளைதான் விழுங்குகிறது. பால்பாயிண்ட் பேனாவின் ரீஃபில் நுழையும் அளவு, அதாவது 3 மில்லிமீட்டர் துளை ஒன்று. குழாயில் 30 மீட்டர் உயரத் தொட்டிக்குச் சமமான அழுத்தம். ஒரு நாளில் கிட்டத்தட்ட 9,000 லிட்டர் போய்விடும். ஆளுக்கு 100 லிட்டர் என்றால் 90 பேருடைய ஒரு நாள் தண்ணீர். மணற்பாங்கான இடமாக இருந்தால் மேலே ஈரம்கூடத் தெரியாது. இரண்டு வருடம் அப்படியே ஓடும்.

இதைக் கண்டுபிடிக்கிற வேலை இரவில் நடக்கிறது. அதிகாலை இரண்டு மணிக்கு மேல் நான்கு மணிக்குள் ஊர் தூங்கும்போது மேல்நிலைத் தொட்டியிலிருந்து வெளியேறும் நீர் ஏறக்குறைய நின்றுபோக வேண்டும். தொட்டி மீட்டர் அப்போதும் விறுவிறுவென்று ஓடினால், ஓடுவதில் பெரும்பகுதி ஒழுகல். ஃபிட்டர் ஒவ்வொரு தெருவின் வால்வாக மூடிக்கொண்டே போவார். ஏதோ ஒன்றை மூடியதும் மீட்டரின் வேகம் சட்டென்று இறங்கும். சரி, இந்தத் தெருதான். அந்தத் தெருவில் வால்வு வால்வாக இரும்புக் கம்பியை ஊன்றி மறுமுனையில் காதை வைப்பார். துளை பக்கத்தில் இருந்தால் ஒரு மெல்லிய சீறல் கேட்கும். இப்போது அதற்கு மின்னணுக் கருவிகள் வந்துவிட்டன. காதின் வேலையைத்தான் அவையும் செய்கின்றன. ஊரைச் சிறு சிறு மண்டலமாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நுழைவிலும் ஒரு மீட்டர் வைத்திருந்தால் எந்தத் தெருவில் தேடுவது என்பது பாதி தெரிந்துவிடும். இரவில் அழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்தாலே ஒழுகலும் குறையும், குழாய் உடைவதும் குறையும்.

நடக்கிற காரியமா இது? கம்போடியத் தலைநகர் நாம்பென்னில் 1993இல் உற்பத்தியான நீரில் 72 சதவீதத்துக்குக் கணக்கே இல்லை. உள்நாட்டுப் போர் முடிந்த ஊர். குழாய்கள் இற்றுப்போயிருந்தன, ஊழியர்களே திருட்டு இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எக் சோன் சான் குடிநீர் நிர்வாகத்தின் தலைவராகப் பொறுப்பேற்றபின் எல்லா இணைப்புக்கும் மீட்டர் வைத்தார்கள். ஒரு படைத்தளபதியின் வீட்டுக்கு மீட்டர் பொருத்தப் போனபோது சான்மீது துப்பாக்கி நீட்டப்பட்டது. பின்வாங்கவில்லை. கணக்கில் வராத நீர் 6 சதவீதத்தை ஒட்டி இறங்கியது, 24 மணி நேர விநியோகமும் வந்தது. 2006இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது.

ஆனால் இந்த எண்ணில் ஒரு சூது இருக்கிறது, மன்ற உறுப்பினர்கள் பலர் அதில் விழுகிறார்கள். 'கணக்கில் வராத நீர்' என்பது முழுவதும் ஒழுகல் அல்ல. திருட்டு இணைப்பு, ஓடாத மீட்டர், தவறான பில் எல்லாம் அதற்குள் அடக்கம். திருட்டு இணைப்பை முறைப்படுத்தினால் வருமானம் வரும். தண்ணீர் அவ்வளவாக மிஞ்சாது, அவர்களும் குடிக்கிறவர்கள்தானே. அதனால் 35 என்ற எண்ணைக் காட்டி யாராவது "அடைத்தால் போதும்" என்றால், அதில் மண்ணுக்குப் போவது எவ்வளவு, பில்லில் காணாமல் போவது எவ்வளவு என்று பிரித்துக் கேட்க வேண்டும். இன்னொன்று, 35இலிருந்து 20க்கு வருவது எளிது. 10இலிருந்து 5க்கு வருவதற்கு ஆகும் செலவில் வேறு நல்ல காரியம் எதையாவது செய்துவிடலாம். அப்புறம், நாளுக்கு இரண்டு மணி நேரம் மட்டும் தண்ணீர் விடுகிற ஊரில் இரவு அளவீடு அப்படியே செல்லுபடியாகாது. குழாய் காலியாகக் கிடக்கும் நேரத்தில் அதே துளைகள் வழியாகச் சாக்கடைநீர் உள்ளே வரும். அங்கே அடைப்பது வெறும் சிக்கன வேலை அல்ல, நோய்த் தடுப்பு.

கடலுக்கு வருவோம். கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு. உப்பை நிறுத்திவிட்டு நீரை மட்டும் நுண்துளைச் சவ்வுக்கு மறுபக்கம் தள்ள 60 பார், அதாவது காற்றழுத்தத்தைப் போல் சுமார் 60 மடங்கு அழுத்தம் வேண்டும். தொழில்நுட்பம் எவ்வளவு முன்னேறினாலும் இயற்பியல் ஓரளவுக்கு மேல் தள்ளுபடி தராது. உள்ளே எடுக்கிற நீரில் பாதிக்கு மேல் அடர்ந்த உப்புநீராக வெளியே போகும். அதைக் கடலில் எங்கே, எப்படிக் கலக்கவிடுவது என்பது தனித் தலைவலி. இத்தனைக்கும் நடுவே இதற்கு ஒரு பெரிய பலம் உண்டு: மழை பொய்த்தாலும் கடல் பொய்க்காது.

அந்தப் பலத்துக்குக் கொடுக்கும் விலை ஊரைப் பொறுத்தது. ஆஸ்திரேலியாவிலேயே இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்ளலாம். மெல்போர்ன் நீண்ட வறட்சியின் உச்சத்தில் வோந்தாகியில் பெரிய நிலையத்துக்கு ஒப்பந்தம் போட்டது. 2012இல் கட்டி முடிப்பதற்குள் மழை கொட்டி அணைகள் நிரம்பிவிட்டன. 2017 வரை அந்த நிலையத்திலிருந்து ஊருக்கு நீர் வாங்கவே இல்லை. ஒப்பந்தத் தொகை மட்டும் ஆண்டுதோறும் போனது. மேற்குக் கரையில் பெர்த்தின் கதை வேறு. 1970களிலிருந்தே அங்கே மழை நிரந்தரமாகக் குறைந்து, அணைக்கு வரும் நீர் சரிந்துகொண்டே வந்தது. 2006இல் க்வினானா நிலையம் வந்தது, பின்பு இன்னொன்று. அவை சும்மா கிடக்கவில்லை. வறட்சி வந்து போகிற ஊருக்குக் கடல்நீர் நிலையம் ஒரு விலையுயர்ந்த காப்பீடு. மழையே மாறிவிட்ட ஊருக்கு அது அன்றாடச் சோறு. எங்கள் ஊர் எந்த ரகம் என்று சொல்லத் தெரியாத பொறியாளரிடம் ஒப்பந்தக் காகிதத்தைக் கொடுக்கக் கூடாது.

கழிவுநீர்தான் எனக்கு மிகவும் பிடித்த வழி. பேசுவதற்கு மிகவும் சங்கடமானதும் அதுதான். வீட்டுக்குப் போகும் நீரில் சுமார் 80 சதவீதம் சாக்கடையாகத் திரும்பி வருகிறது. வறட்சியிலும் வரும். உப்பு, கடலில் உள்ளதில் சிறு பங்குதான். அதனால் மின்சாரமும் கடல்நீருக்கு ஆவதில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே ஆகும். நமீபியாவின் விண்ட்ஹூக் 1968 முதல் சுத்திகரித்த கழிவுநீரை நேரடியாகக் குடிநீரில் கலந்துகொண்டிருக்கிறது. கடல் தொலைவில், வற்றாத ஆறு எதுவும் அருகில் இல்லை. வேறு வழி இல்லாத ஊர். அவர்கள் செய்த புத்திசாலித்தனம் ஒன்று: தொழிற்சாலைக் கழிவை வீட்டுக் கழிவோடு சேரவிடாமல் ஆரம்பத்திலேயே பிரித்துவிட்டார்கள். எந்தச் சவ்வை வாங்குவது என்பதைவிட இது முக்கியம் என்பேன்.

மக்கள் மனசு இன்னொரு விஷயம். ஆஸ்திரேலியாவின் டூவூம்பாவில் 2006இல் இதற்காக வாக்கெடுப்பு நடந்தது. 62 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். ஊர் வறட்சியில் இருந்தபோதே அப்படி. சிங்கப்பூர் வேறு பாதையில் போனது. 'நியூவாட்டர்' என்று பெயர் சூட்டி, 2003 முதல் பெரும்பங்கைக் கணினிச் சில்லு போன்றவற்றைத் தயாரிக்கும் ஆலைகளுக்கு விற்றது, ஒரு பகுதியை நீர்த்தேக்கத்தில் கலந்தது. கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு மாவட்டமோ 2008 முதல் அதை நிலத்தடியில் இறக்கி, கிணறுகள் வழியே மேலே எடுக்கிறது. மண் வழியாக வந்த தண்ணீர் என்றால் யாரும் முகம் சுளிப்பதில்லை. கடல்நீர் நிலத்தடிக்குள் நுழைவதையும் அது தடுக்கிறது.

ஒரு நிபந்தனை மட்டும். ஊரில் பாதாளச் சாக்கடை ஒழுங்காக இருந்தால்தான் இந்தப் பேச்சு. வீடுகளின் கழிவு மழைநீர்க் கால்வாயில் கலந்து போகிற ஊரில் சேகரிக்கவே முடியாததை எப்படிச் சுத்திகரிப்பது?

மழைநீர் சேகரிப்பையும், ஊருக்கு நீர் திரண்டு வரும் நிலப்பரப்பைக் காக்கும் நீர்ப்பிடிப்புப் பாதுகாப்பையும் ஏன் போட்டியில் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். அவை இந்த மூன்றுக்கும் மாற்று அல்ல. எல்லா ஊரும் எப்படியும் செய்ய வேண்டியவை. நியூயார்க் 1997இல் மலையோர நீர்ப்பிடிப்பைக் காக்க உடன்பாடு செய்துகொண்டு, பிரம்மாண்டமான வடிகட்டி நிலையம் கட்டும் செலவைத் தவிர்த்தது. ஆனால் அப்படி ஒரு மலை எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை.

என் வரிசை இது. ஒழுகல் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கும்வரை புது ஆதாரத்துக்குப் பெரிய பணம் கூடாது. அதற்குள் மண்டல மீட்டர்கள் வந்துவிட வேண்டும். அடுத்தது கழிவுநீர், முதலில் ஆலைகளுக்கும் தோட்டங்களுக்கும். அதில் விடுபடும் நல்ல நீர் வீடுகளுக்கு வரும், வாக்கெடுப்புக்கும் வேலை இல்லை. கடல்நீர் கடைசி, அதுவும் மழை நிரந்தரமாகக் குறைந்த கடலோர ஊருக்கு. ஏற்கெனவே கிணறும் அணையும் வறண்டு, தொட்டி இரண்டு மாதத்தில் காலியாகும் என்ற நிலையில் இருக்கிற ஊருக்கு இந்த வரிசை உதவாது. 2018இல் கேப் டவுன் அப்படி நின்றபோது ஆளுக்கு நாளுக்கு 50 லிட்டர் என்று கட்டுப்பாடு போட்டு, குழாய் அழுத்தத்தையும் குறைத்துத்தான் மழை வரும்வரை தாக்குப்பிடித்தது. அவ்வளவு குறுகிய காலத்தில் பெரிய நிலையம் எதையும் கட்டி முடிக்க முடியாது; வால்வைத் திருக மட்டும் முடியும்.