சொட்டை விழுந்த புற்தரைக்கு விதையா, கட்டியா, புல் பாயா?

முற்றத்துப் புல் ஆங்காங்கே செத்து மண் தெரியத் தொடங்கியதும் பலர் முதலில் தேடுவது விதைப் பைக்கற்றைத்தான். காணொளிகளில் பழைய புல்லின் மேலேயே விதையைத் தூவி, சில வாரங்களில் தரையைப் பச்சையாக்கிக் காட்டுகிறார்கள். அங்கே தூவப்படுபவை பெரும்பாலும் ரை, ஃபெஸ்க்யூ போன்ற குளிர்நாட்டுப் புற்கள். கொழும்பில் இரவில்கூட வெப்பம் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. ரை விதை முளைக்கத்தான் செய்யும். பிறகு வெக்கையிலும் ஈரப்புழுக்கத்தில் பரவும் பூஞ்சணத்திலும் அழுகிப்போகும். அந்தக் காசை மண்ணுக்குச் செலவழிப்பது மேல்.

விதை தூவுவது, சிறு புல் கட்டிகளை இடைவெளி விட்டு நடுவது, மண்ணோடு வெட்டிய புல் பாயை விரிப்பது ஆகிய மூன்றில் எந்த வழியை எடுப்பதென்றாலும், இருந்த புல் ஏன் செத்தது என்பதை முதலில் பாருங்கள். மழை விட்ட மறுநாள் ஒரு நீட்டு ஸ்குரூட்றைவரை மண்ணில் குத்துங்கள். பத்து சென்றிமீற்றர் இலகுவாக இறங்காவிட்டால் மண் இறுகியிருக்கிறது. கார் ஏறி இறங்கும் இடத்திலும், கட்டட வேலை முடிந்து கப்புக் எனும் செம்பாறை மண் நிரப்பிய வளவிலும் இதுவே வழக்கமான காரணம். மாமர நிழலும் கூரைத் தண்ணீர் விழும் வரிசையும் அடுத்தவை. காரணம் அப்படியே கிடக்க மேலே புதுப் புல் போட்டால் அதே இடம் மறுபடி சொட்டையாகும்.

அடுத்தது, உயிரோடு இருக்கும் புல் எது என்பது. கடைக்குக் கடை பெயர் மாறும், ஆகவே இலையைப் பாருங்கள். அகன்ற, முனை மழுங்கிய இலை என்றால் கார்ப்பெற் புல். புளிப்பு மண், ஈரம், அரைநிழல் எல்லாவற்றையும் தாங்கும், ஆனால் உப்பும் வறட்சியும் ஆகாது. மெல்லிய, விறைப்பான இலையோடு மெத்தைபோல் அடர்ந்தால் சொய்சியா. வெள்ளவத்தை, தெகிவளைப் பக்கம் கடற்காற்றுப் படும் வீடுகளுக்கு இது பொருந்தும், வளர்ச்சி மட்டும் மந்தம். மூன்றாவது அறுகு. பிள்ளையாருக்குக் கிள்ளும் அதே அறுகின் வகைகள்தான் பெர்மியூடா என்ற பெயரில் விதையாக விற்கப்படுகின்றன. நாளுக்கு ஆறு மணித்தியால நேர் வெயில் கிடைக்காத இடத்தில் அறுகு மெலிந்துவிடும்.

இனி மூன்று வழிகளையும் ஒரே அளவில் வைத்துப் பார்ப்போம். இரண்டு பேர்ச் புற்தரை ஏறத்தாழ 50 சதுர மீற்றர். அதில் பாதி, அதாவது 25 சதுர மீற்றர், சொட்டை என்று வைத்துக்கொள்வோம்.

விதைதான் மலிவு. பழைய புல் கொஞ்சம் எஞ்சிய இடத்தில் மேலே தூவச் சதுர மீற்றருக்கு 5 கிராம் பெர்மியூடா போதும், மொத்தம் 125 கிராம். வெறும் மண்ணென்றால் 10 கிராம் வரை போகலாம். பழைய புல்லை ஒட்ட வெட்டி, காய்ந்த சருகை வாரி, மண்ணைக் கீறிய பிறகு விதையைக் காய்ந்த மணலோடு கலந்து, பாதியை நெடுக்காகவும் பாதியைக் குறுக்காகவும் தூவுங்கள். மேலே அரைச் சென்றிமீற்றருக்கு அதிகம் மண் விழக்கூடாது. ஆழப் புதைந்த சிறு விதை வெளியே வராது. ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும். அதுவரை மேல்மண் காயாமல் நாளுக்கு இரண்டு மூன்று தடவை மென்மையாகத் தெளிக்க வேண்டும். ஒரு நாள் வெயிலில் காய விட்டாலும் முளை கருகும். எறும்பு காவும், ஒரு பெருமழை எல்லாவற்றையும் வடிகானுக்குள் கொண்டுபோகும். முழுவெயில் முற்றத்தில், ஏற்கெனவே அறுகு இருந்தால் மட்டும் விதையை எடுங்கள். கார்ப்பெற் புல்லுக்குள் அறுகைத் தூவினால் தரை திட்டுத்திட்டாகத் தெரியும். வேர்த்தண்டு பூப்பாத்திக்குள்ளும் ஓடும், பிறகு அதைப் பிடுங்கித் தீராது.

கொழும்பு வளவுகளில் பெரும்பாலானவற்றுக்கு என் தெரிவு கட்டி நடுதல். புல் பாயை 5 சென்றிமீற்றர்ச் சதுரங்களாக வெட்டினால் ஒரு சதுர மீற்றரில் 400 கட்டி வரும். 20 சென்றிமீற்றர் இடைவெளியில் நட்டால் சதுர மீற்றருக்கு 25 வீதம், நமது சொட்டைக்கு 625 கட்டி. சேதாரத்தோடு இரண்டு சதுர மீற்றர் பாய், அதாவது 22 சதுர அடி வாங்கினால் போதும். சொந்தத் தரையிலேயே செழித்த ஓரத்திலிருந்து வெட்டினால் அதுவும் வேண்டாம், இனமும் மாறாது. கட்டியின் மேற்பரப்பும் மண்மட்டமும் ஒன்றாக இருக்கும்படி குழியில் வைத்துக் காலால் அழுத்துங்கள். உயர்ந்து நின்றால் காயும், தாழ்ந்தால் தண்ணீர் தேங்கும். கார்ப்பெற் புல் இரண்டு மூன்று மாதத்தில் கைகோக்கும். சொய்சியாவுக்கு அரை ஆண்டாவது பொறுக்க வேண்டும், அதை 15 சென்றிமீற்றருக்கு ஒன்றாக நடுங்கள். இந்த வழியின் உண்மையான பாரம் களை. இடைவெளியில் கோரை முதலில் வரும். இலையைக் கிள்ளினால் போகாது, கிழங்கோடு தோண்ட வேண்டும்.

புல் பாய் விரித்தால் அன்றைக்கே பச்சை. அதே சொட்டைக்கு ஓரத்தில் வெட்டிக் கழிவதையும் சேர்த்து 285 சதுர அடி தேவைப்படும், கட்டிக்கு வாங்குவதைப்போல் பதின்மூன்று மடங்கு. பத்தரமுல்ல, தலவத்துகொடப் பக்கத்து நாற்றுமேடைகளில் வாங்கும்போது அடுக்கின் நடுவிலிருந்து ஒரு துண்டை உருவிப் பாருங்கள். மஞ்சளாகச் சூடேறியிருந்தால் விட்டுவிடுங்கள். அடிமண்ணையும் கவனியுங்கள். களிமண்ணோடு வெட்டிய பாயை மணற்தரையில் போட்டால் வேர் களித்தகட்டைத் தாண்ட மறுக்கும். இறக்கிய அன்றே, செங்கல் அடுக்குவதுபோல் பொருத்துகள் ஒரே கோட்டில் வராமல் விரித்து, இடுக்கில் மணல் இடுங்கள். இரண்டு வாரம் கழித்து ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள், இழுத்துப் பிடித்தால் வேர் இறங்கிவிட்டது. தரையில் பாதிக்கு மேல் செத்திருந்தால் அல்லது சரிவில் மண் கரைந்தால் இந்தச் செலவு நியாயம்.

மூன்றுக்கும் மண்வேலை பொது. பல் வைத்த தோட்ட முள்ளுக்கருவியை 10 சென்றிமீற்றர் ஆழத்துக்கு, அரையடிக்கு ஒரு குத்து வீதம் இறக்கி அசையுங்கள். மேலே இரண்டு பங்கு ஆற்றுமணலும் ஒரு பங்கு சலித்த கூட்டெருவும் கலந்து அரைச் சென்றிமீற்றர் பரப்புங்கள். 25 சதுர மீற்றருக்கு 125 லீற்றர், இரண்டு தள்ளுவண்டி அளவுதான். ஒரு கியூப் (100 கன அடி) மணல் இறக்கினால் பெரும்பகுதி வாசலில் கிடக்கும். கடல்மணல் வேண்டவே வேண்டாம். கார்ப்பெற் புல்லுக்கு, மண்ணின் புளிப்பைக் குறைக்கும் டொலமைற்றும் தேவையில்லை, புளிப்பு அதற்குப் பிடிக்கும். நட்டு நான்கு வாரம் கழித்துச் சதுர மீற்றருக்கு 5 கிராம் யூரியாவைக் காய்ந்த இலைமேல் தூவி, உடனே நன்றாகத் தண்ணீர் விடுங்கள். ஈர இலையில் ஒட்டினால் சுட்டுவிடும்.

காலத்தைப் பொறுத்தவரை விதைக்கு ஜூலை, ஓகஸ்ற். மே மாதப் பருவமழையிலும் ஒக்ரோபர், நவம்பர் மாலைமழையிலும் விதை நிற்காது. கட்டிக்கும் பாய்க்கும் ஏப்ரில் கடைசியும் செப்ரெம்பர் கடைசியும் நல்லவை. ஜனவரி, பெப்ரவரியில் நடுவதானால் தினமும் குழாய் பிடிக்க ஆள் வேண்டும். முதல் வெட்டுக்குப் புல் 5 சென்றிமீற்றர் உயரும்வரை பொறுத்து, மூன்றில் ஒரு பங்கை மட்டும், தீட்டிய கத்தியால் வெட்டுங்கள். மொட்டைக் கத்தி இளம் புல்லை வேரோடு இழுத்துவிடும்.