சைக்கிளா, உதவித்தொகையா?

பெண் பிள்ளையின் படிப்பு பாதியில் நின்றுபோவதைத் தடுக்க வங்கதேசமும் பீகாரும் வெவ்வேறு வழியில் போயின.

வங்கதேசம் 1994-ல் கிராமப்புற மாணவிகளுக்கு நாடு முழுவதும் உதவித்தொகை கொடுத்தது. அதைப் பெற 75 சதவீத வருகையும் 45 சதவீத மதிப்பெண்ணும் வேண்டும், கூடவே திருமணம் ஆகியிருக்கக் கூடாது என்பது நிபந்தனையாக இருந்தது. பணம் அந்தப் பெண்ணின் பெயரிலேயே வங்கிக் கணக்கில் விழுந்தது. கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட வீட்டாருக்கு அது ஒரு காரணமானது. ஆனால் தட்டுத்தடுமாறிப் படிக்கும் பிள்ளையை மதிப்பெண் விதி வெளியே தள்ளிவிட்டது. எனக்கு இதில் உடன்பாடே இல்லை; உதவி அதிகம் தேவைப்படுவது அவளுக்குத்தானே?

பீகாரில் 2006-ல் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த மாணவிகளுக்குச் சைக்கிள் வாங்க 2,000 ரூபாய் தந்தார்கள். பொருளாதார ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ந்ததில், மாணவிகள் சேர்க்கை சுமார் 32 சதவீதம் கூடியிருந்தது. பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பெரும் பலன். செலவழித்த ரூபாய்க்குக் கிடைத்த பலனும் தெற்காசிய உதவித்தொகைத் திட்டங்களைவிட அதிகம் என்கிறார்கள். தனியாக நடந்த பெண்கள் கூட்டமாகச் சைக்கிளில் போனதால், வழியில் இருந்த பயமும் குறைந்தது.

பள்ளி தூரமென்றால் என் ஓட்டு சைக்கிளுக்கே. பள்ளி பக்கத்திலேயே இருந்தும் பதினைந்து வயதில் கட்டிக்கொடுக்கும் ஊருக்கு உதவித்தொகைதான் சரி, மதிப்பெண் விதியை மட்டும் எடுத்துவிட்டு.