டை, ஸ்டார்வ்: எது ஆங்கிலத்தின் சொந்தப் பிள்ளை?

‘டை’ என்றால் சாவது. ‘ஸ்டார்வ்’ என்றால் பட்டினியால் வாடுவது. இன்றைய நிலை இது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ‘சாவது’ என்ற பொருளுக்கு உரிமையுடையது ஸ்டார்வ்தான். பழைய ஆங்கிலத்தில் அது ‘ஸ்டெயோர்ஃபன்’. ஜெர்மானியர்கள் இன்றும் சாவதற்கு ‘ஷ்டெர்பன்’ என்கிறார்கள், ஒரே வேர்.

டை பெரும்பாலும் வந்தேறி. 9ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவியர்களின் ‘டெய்யா’ என்ற வினையே அதன் மூலம் என்பது பெரும்பான்மை அறிஞர்களின் கருத்து. விந்தை என்னவென்றால், ‘டெத்’, ‘டெட்’ ஆகிய உறவுச் சொற்கள் பழைய ஆங்கிலத்திலேயே இருந்தன. வினை மட்டும் அக்கால நூல்களில் காணப்படவில்லை.

புதியவன் பொதுப்பொருளைப் பிடித்துக்கொள்ள, பழையவன் ஒதுங்கினான். ஸ்டார்வின் பொருள் மெல்லச் சுருங்கி, 16ஆம் நூற்றாண்டு வாக்கில் பசியோடு ஒட்டிக்கொண்டது. வட இங்கிலாந்து வட்டார வழக்கில் மட்டும் அது குளிரில் விறைப்பதைக் குறித்தது. சாவதற்கு இன்னொரு பழைய வினையும் இருந்தது, ‘ஸ்வெல்டன்’. அதன் வழிவந்த ‘ஸ்வெல்டர்’ இப்போது வெயிலில் வெந்து தவிப்பதைச் சொல்கிறது. ஆக, பழைய மரணச் சொற்களுக்குப் பசியும் குளிரும் வெக்கையுமே பங்காகக் கிடைத்தன!

இரண்டில் எனக்குப் பிடித்தது ஸ்டார்வ். மதியச் சாப்பாடு அரை மணி தாமதமானால் ஆங்கிலேயர் அதைத்தான் சொல்லிப் புலம்புகிறார்கள். நாமும் ‘பசி உயிர் போகிறது’ என்பவர்கள்தாமே.