லங்காஷயர் ஆன்லைன் பாரிஷ் கிளார்க்ஸ்: மூர்கிராஃப்ட் குடும்பத்தைத் தேடியபோது

கால்நடை மருத்துவம் படித்தவர்கள் வில்லியம் மூர்கிராஃப்ட் என்ற பெயரை எங்கேயாவது கேள்விப்பட்டிருப்பீர்கள். லிவர்பூலில் மனிதர்களுக்கான அறுவை மருத்துவம் பழகிக்கொண்டிருந்தவர், அந்தப் பக்கத்து மாடுகளிடையே பரவிய நோயைப் பார்த்துவிட்டு, இதற்கு அப்போது கால்நடைகளுக்கு வைத்தியம் பார்த்துவந்த லாடம் அடிப்பவர்களின் கைப்பழக்கம் மட்டும் போதாது என்று பிரான்சில் லியோன் நகரின் கால்நடை மருத்துவப் பள்ளிக்குப் போய்ப் படித்தார். இந்தத் துறையில் முறையாகப் பயின்று வந்த முதல் ஆங்கிலேயர் அவர்தான். லண்டனில் கால்நடைக் கல்லூரி தொடங்கியதே 1791இல்தான். பிறகு 1808இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் குதிரைப் பண்ணையைக் கவனிக்கப் பீகாரின் பூசாவுக்கு வந்தார், நல்ல குதிரை தேடி மத்திய ஆசியாவின் புகாரா வரை போனார், திரும்பும் வழியில் 1825இல் இறந்தார்.

இவருடைய குடும்ப வேரைத் தேடப்போய்த்தான் லங்காஷயர் ஆன்லைன் பாரிஷ் கிளார்க்ஸ் என்ற இந்த இணையதளத்துக்கு வந்தேன். முழுக்க இலவசம், தன்னார்வலர்கள் நடத்துவது. இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதித் தேவாலயப் பதிவேடுகளைப் பார்த்துத் தட்டச்சு செய்து ஏற்றியிருக்கிறார்கள். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றும் உண்டு. தளத்தின் தோற்றம் ரொம்பப் பழசு, கைபேசியில் பார்க்கக் கொஞ்சம் சிரமம். அது எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை.

எனக்குப் பிடித்தது பதிவை அவர்கள் கொடுக்கும் விதம். குழந்தையின் பெயர், பெற்றோர், குடியிருந்த இடம், தொழில் இருந்தால் தொழில், அதோடு எந்தப் பதிவேடு, எந்தப் பக்கம், எந்த மூலத்திலிருந்து எடுத்தது என்பது வரை அடியில் இருக்கும். இல்லாத விவரத்தை நிரப்ப மாட்டார்கள். மூர்கிராஃப்ட் விஷயத்தில் இது எவ்வளவு முக்கியம் என்றால், 1767 ஜூன் 25 அன்று ஆர்ம்ஸ்கர்க்கில் ஞானஸ்நானம் பெற்ற அவர் திருமணத்துக்கு வெளியே பிறந்தவர். தாய் டோரதி, அவளுடைய அப்பா ரிச்சர்ட் மூர்கிராஃப்ட் அந்த ஊர் விவசாயி. ஆக குடும்பப் பெயர் தாய்வழியாக வந்தது. நான் முன்பு பணம் கட்டிப் பயன்படுத்திய வேறொரு தளம், தந்தை இடம் காலியாக இருப்பதைப் பார்த்து, அதே குடும்பப் பெயருள்ள யாரோ ஒருவரைத் தந்தையாகப் பரிந்துரைத்தது. நானும் நம்பிச் சேர்த்துவிட்டேன், அப்புறம் இரண்டு தலைமுறையை அழிக்க வேண்டியதாயிற்று. அந்த ஆத்திரம் இன்னும் போகவில்லை.

சரி, குறைகள். பதிவேட்டின் படம் கிடையாது, எழுத்து வடிவம் மட்டும்தான், அதனால் முக்கியமான பதிவை மூலப் படத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுத்தான் ஆக வேண்டும். எல்லா ஊருக்கும் எல்லா வருடமும் ஏறியிருக்காது. தேடும் முன் அந்தத் தேவாலயத்துக்கு எந்த ஆண்டுகள் இருக்கின்றன என்று பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் இல்லாத பக்கத்தில் ஆளைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். குடும்பப் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடி நிறுத்தாதீர்கள். எழுதிய பாதிரியார் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்.

தொழிலை வைத்துக் கால்நடை மருத்துவர் யாராவது தென்படுகிறாரா என்று பார்ப்பவர்களுக்கு ஒன்று: 1813இலிருந்துதான் ஞானஸ்நானப் பதிவேடு அச்சிட்ட படிவமாகி, தந்தையின் தொழிலுக்கென்று ஒரு கட்டம் வந்தது. அதற்கு முன் தொழில் எழுதியிருந்தால் அது அதிர்ஷ்டம். எழுதியிருந்தாலும் பெரும்பாலும் லாடக்காரர் என்றுதான் இருக்கும். கால்நடை மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி 1844இல் சாசனம் பெறும்வரை யார் படித்தவர், யார் பழகியவர் என்பதை அந்த ஒரு சொல்லை வைத்துச் சொல்ல முடியாது. அரசுப் பதிவு தொடங்கிய 1837 ஜூலைக்குப் பிறகான பிறப்பு, திருமணம், இறப்புக்கு, அந்தப் பதிவுகளின் அட்டவணையைத் தேடித் தரும் ஃப்ரீபிஎம்டி தளத்தின் பக்கம் போங்கள், அதுவும் இலவசம்தான்.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். நான் டோரதியின் பக்கமாகவே மேலே ஏறிக்கொண்டிருக்கிறேன். தந்தையின் கட்டத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன்.