விடியற்காலையா, மாலையா, டிரெட்மில்லா? கோலாலம்பூர் வெயிலில் ஓடுபவர்களுக்கு

கோலாலம்பூரில் ஓடுகிறவர்கள் நாலு பேர் கூடினால் இந்த வாக்குவாதம் வராமல் போகாது. காலை 6 மணிக்குக் கைப்பேசியைப் பார்த்தால் ஈரப்பதம் 95 விழுக்காடு. மாலை 5 மணிக்கு 60. “அப்படியென்றால் வேலை முடிந்து ஓடுவதுதானே நல்லது, வியர்வையாவது காயும்” என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் கணக்கு வேறு.

காற்று சூடாகச் சூடாக அதிக நீராவியைத் தாங்கும். அதனால் நீராவி அப்படியே இருந்தாலும் விழுக்காடு இறங்கிவிடும். 24 டிகிரியில் 95 விழுக்காடும் 32 டிகிரியில் 60 விழுக்காடும் ஏறக்குறைய ஒரே நீராவிதான். ஆக, வியர்வை உலர்வதில் மாலைக்கு ஒரு சலுகையும் இல்லை. ஓடுகிறவரின் தோல் சுமார் 35 டிகிரியில் இருக்கும். 24 டிகிரிக் காற்று பட்டால் உடம்புச் சூடு நன்றாக இறங்கும். 32 டிகிரியில் அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும். போதாததற்கு மேலே வெயில், கீழே நாளெல்லாம் காய்ந்த தார்ச்சாலையின் அனல். நான் விடியற்காலைக் கட்சி.

நமக்கு ஒரு வசதியும் உண்டு. 1982 ஜனவரி முதல் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அதனால் இங்கே சூரியன் 7 மணியை ஒட்டியோ அதற்குப் பிறகோதான் எழுகிறது. 6 மணிக்குக் கிளம்பினால் வெயில் படாத ஒரு மணி நேரம் முழுசாகக் கிடைக்கும். குளித்துப் பசியாறி வேலைக்குப் போகவும் நேரம் இருக்கும். இருட்டுதான் ஒரே குறை. ஒளியைத் திருப்பிக் காட்டும் சட்டையும் நெற்றி விளக்கும் கட்டாயம். ஆணோ பெண்ணோ, தனியாகப் போகாமல் இருப்பது நல்லது.

சரி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், காலையில் முடியவே முடியாது என்பவர்கள்? மாலையில் ஓடலாம். ஆனால் வெயில் முழுக்க இறங்கட்டும், வேகத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள். கேஎல்சிசி பூங்காவின் 1.3 கிலோமீட்டர் ரப்பர் பாதை போல மரநிழலும் குறுகிய சுற்றும் உள்ள இடமாகப் பாருங்கள். உடம்புக்கு ஒத்துவராவிட்டால் சுற்றின் நடுவிலேயே நிறுத்திவிடலாம். ஐந்து கிலோமீட்டர் தள்ளிப்போய் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. மாலையில் எனக்குப் பயம் தருவது இடி. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலை இடிமழை இங்கே வாடிக்கை. முதல் இடி கேட்டதுமே கட்டடத்துக்குள் போய்விடுங்கள். மரத்தடி வேண்டவே வேண்டாம். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகு வெளியே வாருங்கள்.

டிரெட்மில்லை நான் புகைமூட்ட நாள்களுக்கு வைத்திருக்கிறேன். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டிவிட்டால் விடியற்காலையும் ஒன்றுதான், மாலையும் ஒன்றுதான். உள்ளே ஓடுவதே சரி. ஆனால் ஏர்கான் இருக்கிறது, சூடே ஏறாது என்று நினைத்துவிடக் கூடாது. வெளியே ஓடும்போது எதிர்க்காற்று முகத்தில் படும். ஜிம்மில் அது கிடையாது. முழங்கையிலிருந்து வியர்வை பெல்ட் மேல் சொட்டுகிறதா? அது வீணாய்ப்போன வியர்வை. ஆவியாகும் வியர்வைதான் உடம்பைக் குளிர்விக்கும். ஒரு மின்விசிறியை நேர் எதிரே வையுங்கள். இன்னொன்று, ஏர்கானிலேயே பழகிவிட்டு நேராகப் போட்டிக்குப் போகாதீர்கள். உடம்பு வெப்பத்துக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும்.

ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற ஓட்டத்துக்குத் தண்ணீரே போதும். அதற்கு மேல் போனால் உப்பும் தேவை. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. நீண்ட ஓட்டத்துக்கு அது மட்டும் பற்றாது.

எந்த வேளையில் ஓடினாலும், கொதிக்கும் உடம்பில் திடீரென்று குளிர் எடுத்தால், மயிர்க்கூச்செறிந்தால், தலை சுற்றினால் அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள். கூட ஓடுகிறவர் தள்ளாடினாலோ கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ, வெப்பத்தாக்கு என்றே எடுத்துக்கொண்டு 999-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை சும்மா நிற்க வேண்டாம். நிழலுக்குக் கொண்டுபோய், கிடைக்கிற குளிர்ந்த நீரை எல்லாம் உடம்பு முழுக்க ஊற்றிக்கொண்டே இருங்கள், விசிறுங்கள். நினைவு தெளியாதவருக்குக் குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள்.