அறையிலேயே இருப்பதா, ஏர்போர்ட்டுக்குக் கிளம்புவதா?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் தோல் வேலை கற்றவர்கள் ஆப்பிரிக்கா வரை போகிறார்கள். அங்கே தேர்தல் என்றால் இங்கே வீட்டில் தூக்கம் போய்விடும். மச்சான் தான்சானியாவின் தார் எஸ் சலாம் நகரில் இருந்தபோது அத்தை, "கிளம்பி வந்துடுடா" என்றார். மாமாவோ, "ரூமை விட்டு நகராதே" என்றார்.

கிளம்புவது நல்லதுதான், ஓட்டுப்பதிவுக்கு முன்பே என்றால். கென்யாவில் 2007 டிசம்பர் 27 அன்று மக்கள் ஓட்டுப் போட்டார்கள். 30-ஆம் தேதி முடிவு அறிவித்ததும் கலவரம் வெடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சமரச ஒப்பந்தம் 2008 பிப்ரவரி 28-ல்தான். பற்றி எரிய ஆரம்பித்த பிறகு டிக்கெட் கையில் இருந்து என்ன பயன்? விமானத்தில் பயமில்லை, ஏர்போர்ட் போகும் வழியில், டயர் எரியும் முக்கில்தான் பயம்.

அதனால் என் ஓட்டு முன்கூட்டியே என்றால் அத்தைக்கு, தொடங்கிவிட்டால் மாமாவுக்கு.

ஆனால் சும்மா அறையில் அடைந்துகிடப்பதும் ஆகாது. தான்சானியாவில் 2025 அக்டோபர் 29 தேர்தலன்று இன்டர்நெட் முடங்கியது, தார் எஸ் சலாமில் ஊரடங்கு. வாட்ஸ்அப் போச்சு, மேப் போச்சு. மச்சான் இந்தியத் தூதரக நம்பரைப் பேப்பரில் எழுதி, பாஸ்போர்ட் நகலோடு பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்தான். வாளி, குடம், குக்கர் வரை தண்ணீர். ஜன்னலை விட்டுத் தள்ளிப் பாய். மாடியில் நின்று வீடியோ எடுக்கவில்லை (நம்மாட்களுக்கு அந்த ஆசை கொஞ்சம் அதிகம்).

லைன் கிடைத்ததும் அத்தை கேட்ட முதல் கேள்வி: "சாப்பிட்டியா?" ரசம் சாதமாம், தினமும்.